நிறுத்தும் கை



விமானத்தைப் பற்றித் தமிழ் அவையில் பேச்செடுத்தால் முதலில் எதிர்பார்க்கப்படுவது புறநானூற்றின் 27ஆம் பாட்டு. உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளிக்குப் பாடியது அது. புலவர் பாடும் புகழுடையோர்க்கு, ஓட்டுபவன் இன்றியே செல்லும் வான ஊர்தி வாய்க்கும் என்பது அதன் செய்தி. மேடைதோறும் எடுத்தாளப்பட்டு அந்தப் பாட்டு சற்றுக் களைத்தும் போயிருக்கிறது. இன்று அது ஓய்வெடுக்கட்டும். இங்கே எடுத்துக்கொள்ளப்படுவது ஓட்டுபவன் இருக்கும் ஊர்தி. அவன் கையிலிருந்து எவ்வளவை எடுத்துக் கருவியிடம் கொடுக்கலாம் என்பதே பொருள்.

அதற்கு ஏற்ற தொடக்கம் சீவக சிந்தாமணியின் மயிற்பொறி. நாமகள் இலம்பகத்தில் திருத்தக்கதேவர் அதன் இயக்கத்தை ஒரு தொழில்வல்லார் போலவே சொல்லிச் செல்கிறார். பொறியை வலமாகத் திரித்தால் மயில் மேகத்தைப் பிளந்து எழும். இடமாகத் திரித்தால் இறங்கிக் கால் மடக்கி அமரும். கருவுற்றிருந்த விசயை அதில் ஏறித் தப்புகிறாள். பகைவனின் வெற்றி முரசு காதில் விழுந்ததும் அவள் மூர்ச்சிக்கிறாள். மயிற்பொறி ஊர்ப்புறத்துச் சுடுகாட்டில் இறங்குகிறது. சீவகன் அங்கே பிறக்கிறான். திரிக்கும் விரல்கள் தளர்ந்த பின் அந்தப் பொறி என்ன நெறிப்படி நடந்துகொண்டது என்ற வினா வகுப்பறைகளில் எழுவதில்லை. காப்பியத்துக்கு அது வேண்டியதுமில்லை. இன்றைய விமானத்தை வடிவமைப்பவர்களுக்கோ அதுவே முதல் வினா.

எஞ்சினில் தீப்பற்றினால் விமானம் தானே அதை உணர்ந்து எஞ்சினை நிறுத்திவிடும் என்று பலர் எண்ணுவதுண்டு. பெரிய பயணிகள் விமானங்களில் அவ்வாறு நிகழ்வதில்லை. எஞ்சினைச் சுற்றி மெல்லிய குழாய்களாக உணரிகள் ஓடுகின்றன. ஒரு வகையில் அவற்றுள் ஹீலியம் அடைக்கப்பட்டிருக்கும். வெப்பம் ஏறினால் வாயுவின் அழுத்தம் கூடி ஒரு மின்தொடர்பை இணைக்கும். இவை இரண்டு தனித்தனிச் சுற்றுகளாக அமைகின்றன. இரண்டும் நல்ல நிலையில் இருக்கும்போது ஒன்று மட்டும் தீ என்றால் அது தீயாகக் கொள்ளப்படுவதில்லை. இரண்டும் ஒருங்கே சொன்னால்தான் விமானி அறையில் மணி ஒலிக்கும், சிவப்பு விளக்கு எரியும். ஒரு சாட்சியை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்லாத வழக்குமன்ற நெறி அது.

மணி ஒலித்ததோடு கருவியின் வேலை முடிந்துவிடுகிறது. விசையைக் குறைப்பதும், எரிபொருளை அடைப்பதும், தீக் கைப்பிடியை இழுப்பதும் மனிதனின் வேலை. அந்தக் கைப்பிடி இழுக்கப்பட்டால் எரிபொருளும், நீரியல் திரவமும், மின்னாக்கியும், எஞ்சினிலிருந்து பிரித்தெடுக்கப்படும் காற்றும் ஒருசேரத் துண்டிக்கப்படும். போயிங் விமானங்களில் அதே கைப்பிடியைப் பின்னர்த் திருப்பினால் தீயணைப்பு வாயு எஞ்சினைச் சூழப் பாயும். ஒருவர் கை வைக்கும்போது, அது உரிய கைப்பிடிதானா என்று மற்றவர் பார்த்து வாய்விட்டு உறுதிசெய்ய வேண்டும் என்பது நடைமுறை.

அதே விமானத்தின் வாலில் சிறிய துணை எஞ்சின் ஒன்று உண்டு. தரையில் நிற்கையில் மின்சாரமும் அழுத்தக் காற்றும் தருவது அது. எண்ணெய் அழுத்தம் குறைந்தாலும், சுழற்சி எல்லை மீறினாலும் அது தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும். தரையில் இருக்கும்போது தீ என்றாலும் அப்படியே. எவர் அனுமதியையும் அது கேட்பதில்லை. ஒரே விமானத்தில் இப்படி இரு நெறிகள் ஏன்? துணை எஞ்சின் நின்றால் விளக்கணையும், புழுக்கமாக இருக்கும், அவ்வளவுதான். சிறகின் எஞ்சின் நின்றால் நிற்பது உந்துவிசை. தீப்பற்றிய எஞ்சின்கூட ஓடுபாதையை விட்டு எழும் சில விநாடிகளுக்குத் தேவைப்படலாம்.

ஆக, பாதுகாப்பு என்ற ஒரு சொல்லுக்குள் இரண்டு பொருள்கள் உறைகின்றன. எஞ்சினைக் காப்பது ஒன்று, பறத்தலைக் காப்பது மற்றொன்று. தரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். வானத்தில் அவை பிரிகின்றன. சில வேளைகளில் ஒன்றுக்கொன்று பகையாகவும் ஆகிவிடுகின்றன.

1980களில், எஞ்சினுக்குச் செல்லும் எரிபொருளின் அளவு முழுவதையும் எண்முறைக் கணினியிடம் ஒப்படைக்கும் முறை பயணிகள் விமானங்களுக்கு வந்தது. ஒன்று தவறினால் மற்றொன்று ஏற்கும்படி அதற்கு இரு தடங்கள். தனக்கு வேண்டிய மின்சாரத்தை அது எஞ்சினின் சுழற்சியிலிருந்தே பெற்றுக்கொள்ளும். தரையில் எஞ்சினைத் தொடங்கும்போது வெப்பம் எல்லை கடக்கும் போலிருந்தால், எரிபொருளை அடைத்துத் தொடக்கத்தையே கைவிடும் உரிமை பல எஞ்சின்களில் அந்தக் கணினிக்கு உண்டு. வானில் நின்றுபோன எஞ்சினை மீண்டும் உயிர்ப்பிக்கும்போது அதே உரிமை பெரும்பாலும் அதனிடம் இருப்பதில்லை. எஞ்சின் வெந்து கெட்டாலும் கெடட்டும், ஓடினால் போதும் என்பது அங்கே நெறி.

கவிஞர்களுக்கு உவப்பான நுட்பம் இன்னொன்று இருக்கிறது. விமானம் ஓடுபாதையில் விரைந்து, இனி நிற்க இயலாது என்ற வேகத்தை எட்டிய பின், மேலெழுந்து சில நூறு அடி உயரும் வரை பல எச்சரிக்கைகள் அடக்கிவைக்கப்படுகின்றன. சில விமானங்களில் தீ மணிகூட அந்தச் சில விநாடிகளுக்கு ஒலிக்காது. கருவிக்குச் செய்தி தெரியும். ஆனால் கேட்பவன் அதைக் கொண்டு செய்யக்கூடியது அப்போது ஒன்றுமில்லை, பதற்றம்தான் மிஞ்சும். எப்போது வாய்மூடியிருக்க வேண்டும் என்பதைக் கருவிக்குக் கற்பித்தவர்கள் சொல்லின் காலத்தை அறிந்தவர்கள்.

மனிதனைக் கேட்டுக்கொண்டிருக்க நேரமே இல்லாத இடமும் உண்டு. டர்பைன் வட்டு அதன் தண்டிலிருந்து விடுபட்டால் சுமை நீங்கிய வட்டை வெப்ப வாயு தொடர்ந்து உந்தும். கண்ணிமைக்கும் நேரத்தில் வேகம் மீறி அது சிதறிவிடும். அந்தத் துண்டுகளைத் தடுத்து நிறுத்தும் உறை எஞ்சினுக்கு இல்லை. 2010 நவம்பர் 4 அன்று சிங்கப்பூரிலிருந்து சிட்னிக்குப் புறப்பட்ட குவாண்டாஸ் ஏர்பஸ் ஏ380 விமானத்தில் இதுவே நிகழ்ந்தது. எண்ணெய் செல்லும் சிறு குழாய் ஒன்று துளையிடுகையில் மையம் விலகியதால் ஒருபுறம் சுவர் மெலிந்திருந்தது. அதில் கீறல் விழுந்து எண்ணெய் கசிந்தது, தீ மூண்டது, வட்டு கட்டவிழ்ந்து சிதறிச் சிறகைத் துளைத்தது. விமானத்தில் இருந்த 469 பேரும் சிங்கப்பூருக்கே உயிருடன் திரும்பினர். தரையிறங்கிய பின் நேர்ந்ததுதான் விந்தை. நிறுத்த முயன்றபோது முதல் எஞ்சின் நிற்கவில்லை. அதற்குக் கட்டளை கொண்டுசெல்லும் கம்பிகளைத் துண்டுகள் அறுத்திருந்தன. தீயணைப்பு வீரர்கள் ஏறத்தாழ 3 மணி நேரம் நீரும் நுரையும் பாய்ச்சி அதை அடக்கினார்கள். அதன் பின், அந்த டர்பைனின் வேகம் எல்லை மீறப் போவதை உணர்ந்து எஞ்சினைத் தானே நிறுத்தும் நெறி அவ்வகை எஞ்சின்களின் கணினியில் சேர்க்கப்பட்டது. அங்கே அதற்கு மாற்றுக் கருத்து இருக்க இயலாது.

மற்ற இடங்களில் கருவி சொல்லும், மனிதன் செய்வான் என்றால், அவன் தவறாகச் செய்துவிட்டால் என்ன ஆகும்? இந்த வினாவுக்கு இங்கிலாந்தின் கெக்வொர்த் என்ற சிற்றூர் விடை வைத்திருக்கிறது.

1989 ஜனவரி 8, மாலை. லண்டன் ஹீத்ரோவிலிருந்து பெல்ஃபாஸ்ட் நோக்கிப் புறப்பட்டது பிரிட்டிஷ் மிட்லண்ட் நிறுவனத்தின் போயிங் 737-400. பயணிகளும் பணியாளருமாக 126 பேர். 28,000 அடிக்கு மேல் ஏறிக்கொண்டிருந்தபோது இடது எஞ்சினின் விசிறித் தகடு ஒன்று முறிந்தது. விமானம் குலுங்கியது, புகையும் கருகல் நெடியும் விமானி அறைக்குள் வந்தன. முந்தைய வகை விமானங்களின் காற்றோட்ட அமைப்பில் பழகியிருந்த தலைமை விமானி, இந்தப் புகை வலது எஞ்சினிலிருந்து வருவது என்று கருதினார். எந்த எஞ்சின் என்று துணை விமானியைக் கேட்டார். இடது என்பதற்குரிய ஆங்கிலச் சொல்லைத் தொடங்கிய துணை விமானி, அதை முடிக்காமலே இடையில் விட்டு, வலது என்றார். குரல் பதிவில் அந்த அரைச்சொல் இருக்கிறது. வாய்க்கு வந்த உண்மை நாவில் பாதியிலேயே திரும்பிவிட்டது.

வலது எஞ்சினின் விசை குறைக்கப்பட்டது. உடனே குலுக்கம் தணிந்தது, நெடியும் குறைந்தது. முடிவு சரி என்பதற்கு அதைவிட வேறு சான்று எவருக்கு வேண்டும்? உண்மையில் நடந்தது வேறு. விசையைத் தானே ஏற்றி இறக்கும் தானியங்கி அமைப்பு அப்போது விலக்கப்பட்டிருந்தது. அதனால் புண்பட்ட இடது எஞ்சினுக்கு மேலும் மேலும் எரிபொருள் செல்வது நின்றது; அதன் தடுமாற்றம் அடங்கியது. தற்செயல் ஒன்று சான்றின் வேடத்தில் வந்தது. நல்ல எஞ்சின் நிறுத்தப்பட்டது.

கருவி அப்போது மௌனமாக இருந்ததா? இல்லை. இடது எஞ்சினின் அதிர்வுமானி அதன் உச்சத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. ஆனால் அது ஒரு சிறு வட்டம். உச்சத்தை எட்டினாலும் விளக்கெரியாது, மணி ஒலிக்காது. பழைய விமானங்களில் அதிர்வுமானிகள் நம்பத்தகாதவை என்று பெயர் பெற்றிருந்தன. அந்த அவப்பெயர் புதியதன் மேலும் ஒட்டியிருந்தது. ஒருமுறை பொய் சொன்னவன் மரபில் வந்தவனுடைய மெய்யும் எடுபடவில்லை.

பயணியர் அறையிலும் சான்றுகள் இருந்தன. இடது எஞ்சினிலிருந்து தீப்பொறி பறந்ததைப் பயணிகள் பலரும் பணியாளர் சிலரும் கண்டிருந்தனர். வலது எஞ்சினில் கோளாறு, அது நிறுத்தப்பட்டுவிட்டது என்று தலைமை விமானி ஒலிபெருக்கியில் அறிவித்தார். கண்டதற்கும் கேட்டதற்கும் இடையே முரண் இருப்பதை உணர்ந்த பயணிகளும் இருந்தனர். ஒருவரும் விமானி அறைக்குச் சொல்லவில்லை. அவர்களைக் குறை கூறுவது எளிது, ஆனால் நேர்மையன்று. அறிந்தவர் சொல்லும்போது அறியாதவன் தன் கண்ணையே ஐயுறுவது எந்த நாட்டிலும் வழக்கம். விமானி அறையிலும், என்னென்ன அறிகுறிகள் தென்பட்டன என்று மீண்டும் எண்ணிப் பார்க்கத் தொடங்கிய வேளையில் வானொலி அழைப்பு குறுக்கிட்டது. அந்த எண்ணம் முற்றுப்பெறவில்லை.

ஈஸ்ட் மிட்லண்ட்ஸ் நிலையத்தை நோக்கி இறங்குகையில் கூடுதல் விசை தேவைப்பட்டது. முறிந்த எஞ்சினால் அது இயலவில்லை. ஓடுபாதைக்குச் சற்று முன்னே, எம் 1 நெடுஞ்சாலையின் கரையில் விமானம் மோதியது. 47 பேர் மாண்டனர். சிந்தாமணியின் மயிற்பொறியில் வலமும் இடமும் ஏற்றமும் இறக்கமும் ஆயின. கெக்வொர்த்தில் அந்த இரு சொற்களே உயிரும் சாவும் ஆயின.

இப்படியானால் நிறுத்தும் கையைக் கருவிக்கே கொடுத்துவிடலாமே, அது இடத்தையும் வலத்தையும் குழப்பிக்கொள்ளாதே என்று தோன்றுவது இயல்பு. மூன்றாண்டு கழிவதற்குள் சுவீடனில் அதன் மறுபக்கம் வெளிப்பட்டது.

1991 டிசம்பர் 27, காலை. ஸ்டாக்ஹோமின் ஆர்லண்டா நிலையத்திலிருந்து ஸ்காண்டிநேவியன் ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் எம்.டி.-81 விமானம் 129 பேருடன் எழுந்தது. இரவில் சிறகின் மேல் படிந்திருந்த தெளிந்த பனிக்கட்டி முழுவதும் நீக்கப்பட்டிருக்கவில்லை. கண்ணாடி போன்ற அது கண்ணுக்கும் எளிதில் புலப்படாதது. அவ்வகை விமானத்தின் எஞ்சின்கள் வாலருகே, சிறகுக்குப் பின்னால் இருப்பவை. விமானம் எழுகையில் பெயர்ந்த பனிக்கட்டி எஞ்சின்களுக்குள் சென்று விசிறிகளைச் சிதைத்தது. காற்றோட்டம் முன்னும் பின்னுமாகத் தடுமாறி வெடியோசை எழுந்தது. இத்தகைய நிலையில் விசையைக் குறைத்தால் எஞ்சின் அமைதியடைந்து பிழைக்கக்கூடும். தலைமை விமானி விசையை ஓரளவு குறைக்கவும் செய்தார். ஆனால் அவர் அறியாத ஒன்று விசையை உயர்த்திக்கொண்டிருந்தது.

எழும்போது ஒரு எஞ்சின் வலுவிழந்தால் மற்றதன் விசையைத் தானே கூட்டும் அமைப்பு அது. ஓசையைக் குறைப்பதற்காகக் குறைந்த விசையில் எழும் விமானங்களுக்குப் பாதுகாப்பாக அமைக்கப்பட்டது. நோக்கம் நல்லது, சந்தேகமில்லை. அது விமானத்தில் இருக்கிறது என்பதே அந்த விமானிகளுக்குக் கற்பிக்கப்பட்டிருக்கவில்லை. இயக்கிய நிறுவனத்திலும் அதைப் பற்றிய அறிவு இல்லை என்று விசாரணையில் தெரியவந்தது. காப்பதற்கு வைத்த கை எஞ்சின்களின் அழிவை விரைவுபடுத்தியது. எழுந்து ஒன்றரை நிமிடம் ஆகுமுன் இரண்டும் நின்றன. விமானிகள் மேகத்திலிருந்து வெளிப்பட்டு, காட்டுக்கு அப்பால் கொட்ரோரா என்ற இடத்தில் ஒரு வயலைக் கண்டு இறக்கினர். விமானம் மூன்று துண்டாயிற்று. ஓர் உயிரும் போகவில்லை. இத்தனை திறம் காட்டிய தலைமை விமானி பயணிகள் விமானங்களை ஓட்டும் பணிக்குத் திரும்பவில்லை.

கருவி செயற்பட்டது பெரும் பிழை என்று சொல்வதற்கில்லை. சொல்லாமல் செயற்பட்டது பிழை. ஓட்டுபவனுக்குத் தெரியாமல் அவன் கைக்கு மேல் இன்னொரு கை இருந்தால், அவன் தன் கையின் விளைவைப் பார்த்து எதையும் கற்றுக்கொள்ள இயலாது. கெக்வொர்த்தில் தானியங்கி விலகியது அறிகுறிகளைக் குழப்பியது. கொட்ரோராவில் தானியங்கி புகுந்தது குழப்பியது. இரண்டும் ஒரே குறையின் இரு முகங்கள்.

2015 பிப்ரவரி 4 அன்று தைப்பேயில் இரு பிழைகளும் ஒரே விமானத்தில் சந்தித்தன. டிரான்ஸ்ஏசியா நிறுவனத்தின் ஏ.டி.ஆர். 72-600 விமானம் அது. விசிறி எஞ்சின்கள் கொண்டது. அவ்வகையில் எஞ்சின் நின்றுவிட்டால் விசிறியின் அகன்ற முகம் காற்றைத் தடுத்து விமானத்தைப் பின்னிழுக்கும். அதனால் தகடுகளைக் காற்றுக்கு விளிம்பு காட்டுமாறு தானே திருப்பும் பாதுகாப்பு உண்டு. எழுந்த சிறிது நேரத்தில், மின்னிணைப்பு ஒன்றின் கோளாறால், நன்றாக ஓடிக்கொண்டிருந்த இரண்டாம் எஞ்சினின் விசிறியை அந்த அமைப்பு திருப்பிவிட்டது. அதன் பிறகும் ஓர் எஞ்சின் முழு வலுவுடன் இருந்தது. அதைக் கொண்டு பறந்திருக்கலாம். தலைமை விமானி பின்னிழுத்ததும் பிறகு நிறுத்தியதும் அந்த நல்ல எஞ்சினை. தவறான பக்கத்தை இழுத்துவிட்டதை உணர்ந்து அவர் கூறிய சொற்கள் பதிவாகியுள்ளன. அடுத்த சில விநாடிகளில் விமானம் மேம்பாலத்தில் சென்ற வாடகைக் கார் ஒன்றில் உரசி, கீலுங் ஆற்றில் விழுந்தது. 58 பேரில் 15 பேர் உயிர்தப்பினர்.

கருவி எதையும் எதிர்க்கேள்வி கேட்காமல் கீழ்ப்படியும் இடம் விமானி அறையில் இன்னும் ஒன்று இருக்கிறது. எஞ்சின் ஒவ்வொன்றுக்கும் எரிபொருளைத் திறக்கவும் அடைக்கவும் உள்ள சுவிட்சு அது. கை தவறிப் பட்டு நகராதபடி, மேலே தூக்கிய பின்பே நகர்த்தக்கூடியது. தீயின்போதும், தரையில் பயணம் முடிந்தபோதும், நின்ற எஞ்சினை மீண்டும் தொடங்கும்போதும் அது மனிதனின் கையில் இருந்தாக வேண்டும். அதனால் அதற்கு மேல் ஒரு நடுவர் அமர்த்தப்படவில்லை.

2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்திலிருந்து லண்டன் காட்விக் நோக்கி எழுந்த ஏர் இந்தியா போயிங் 787 விமானத்தில் 242 பேர் இருந்தனர். ஒருவர் மட்டுமே பிழைத்தார். தரையில் இருந்தவர்களிலும் 19 பேர் மாண்டனர். ஜூலையில் வெளியான முதற்கட்ட அறிக்கை பதிவுகள் காட்டியதைக் காட்டியபடியே தந்தது. விமானம் தரையை விட்டு எழுந்த சில விநாடிகளில் இரு எரிபொருள் சுவிட்சுகளும், ஒன்றன்பின் ஒன்றாக, ஒரு விநாடி இடைவெளியில் அடைப்பு நிலைக்கு மாறின. ஏன் அடைத்தாய் என்று விமானிகளில் ஒருவர் மற்றவரைக் கேட்டது குரல் பதிவில் இருக்கிறது. அடைக்கவில்லை என்ற மறுமொழியும் இருக்கிறது. யார் கேட்டார், யார் மறுத்தார் என்று அந்த அறிக்கை பிரித்துக் காட்டவில்லை.

சுமார் 10 விநாடி கழித்து முதல் சுவிட்சும், மேலும் 4 விநாடி கழித்து இரண்டாவதும் மீண்டும் திறக்கப்பட்டன. திறக்கப்பட்ட கணத்திலிருந்து கணினி எவருடைய கட்டளைக்கும் காத்திருக்கவில்லை. எரிபொருளையும் தீப்பொறியையும் தானே அளந்து, இரு எஞ்சின்களையும் உயிர்ப்பிக்கத் தொடங்கியது. இரண்டிலும் மீண்டும் சுடர் பற்றியது. தரையை விட்டு எழுந்ததற்கும் பதிவு நின்றதற்கும் இடையே இருந்தவை 32 விநாடிகள். பதிவு நின்றபோது முதல் எஞ்சின் மீண்டுவரத் தொடங்கியிருந்தது.